ஒலிபெருக்கியில் எழும் இரைச்சல்: காரணமும் களையும் முறையும்

(கரிக்கலாம்பாக்கத்தில் நடைபெற்ற ஜமாஅத் பொதுக்கூட்டத்தில், ஒலி அமைப்புப் பொறுப்பைக் கவனித்து வரும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின் "மைக் செட் பற்றிச் சில வார்த்தைகள் பேசுங்கள்" என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். மேடையில் நின்று பழகியவன் அல்லன் நான். மேடைக்குக் கீழே வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பழகியவன். ஆகவே சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம்மிடம் இருக்கும் ஒலி அமைப்பு ஓரிடத்தில் நிலையாக இருப்பது அன்று. பெருநாள் தொழுகைக்குத் திடலுக்குப் போகிறது. நிக்காஹ் மஜ்லிஸுக்குத் தெருப் பந்தலுக்குப் போகிறது. ரமலானில் பயானுக்கும், ஜனாஸா அறிவிப்புக்கு வண்டியிலும் ஏறுகிறது. போகும் இடமெல்லாம் மின்சாரம் வேறு, தரை வேறு, சுற்றிலும் எரியும் விளக்குகள் வேறு. பள்ளியில் வைத்துச் சோதிக்கும்போது தெளிவாகப் பேசிய அதே கருவி, திடலில் வைத்தவுடன் "உம்ம்" என்று உறுமத் தொடங்குகிறது. இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒரு பெருநாள் காலையில் கடைசி வரிசைகளில் நின்றவர்களுக்கு இமாமின் தக்பீர் இரைச்சலுக்குள் மூழ்கிப் போய், பாதிப்பேர் ஒரு தக்பீர் பிந்தியும் பாதிப்பேர் முந்தியும் கை உயர்த்தியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பெண்கள் பகுதியில் குத்பாவின் ஒரு சொல்கூட விளங்கவில்லை என்று வீட்டுக்கு வீடு கேட்டோம்.

ஆயினும் நான் இன்று பேச முன்வந்ததற்குக் காரணம் அதுவன்று. அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், மைக் செட் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நிகழ்ச்சியில் இரைச்சல் தாங்க முடியவில்லை. ஆம்ப்ளிபயருக்கு ஒரு வீட்டிலிருந்தும், மிக்ஸருக்கு எதிர்ப்புறம் வேறொரு வீட்டிலிருந்தும் மின்சாரம் எடுத்திருந்தோம். அனுபவசாலி ஒருவர், "எர்த் காலை வெட்டிவிடு, சத்தம் நின்றுவிடும்" என்றார். ஆம்ப்ளிபயரின் மூன்று கால் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய காலை வெட்டினேன். இரைச்சல் அந்தக் கணமே நின்றது. கூடியிருந்தவர்கள் பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

வெட்டிய பிளக் அப்படியே இருந்தது. சில மாதங்களுக்குப் பின் அதே ஆம்ப்ளிபயர், மிக்ஸர் இல்லாமல் ஒரு மைக்கோடு மட்டும், ஒரு கல்யாணப் பந்தலுக்குப் போனது. மாலையில் தூறல். மைக்கைப் பிடித்துப் பார்க்கும் ஆசையில், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்ற ஒரு சிறுவன் அதைக் கையில் எடுத்தான். மின்சாரம் அவனைத் தூக்கி எறிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தான். கை மரத்துப் போய் வெகுநேரம் அழுதான். பிரித்துப் பார்த்தபோது ஆம்ப்ளிபயரின் டிரான்ஸ்பார்மரில் காப்பு கெட்டு, மின்சாரம் இரும்புப் பெட்டிக்கு வந்திருந்தது தெரிந்தது. பெட்டிக்கு வந்தது வயரின் வலைக்கவசம் வழியாக மைக்கின் உலோக உடலுக்கும் வந்துவிட்டது. எர்த் இருந்திருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போயிருக்கும், பியூஸ் போயிருக்கும். போக வழியில்லாமல் அது அந்தப் பிள்ளையின் கை வழியே போனது.

முதல் நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அன்று மிக்ஸருக்குச் செல்லும் ஒலி வயரின் கவசமே ஆம்ப்ளிபயருக்கு எர்த்தாக இருந்து காப்பாற்றியது. மிக்ஸரைக் கழற்றியவுடன் அந்தக் காவலும் போயிற்று. நான் வெட்டியது இரைச்சலை அன்று, ஓர் உயிரின் காவலை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து இந்த இரைச்சலின் காரணத்தைக் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் திசை மாறி ஓடுவது. இந்த 50 என்ற துடிப்பு ஒலி வயருக்குள் நுழைந்தால், ஆழ்ந்த "உம்ம்" என்ற ஓசையாகக் கேட்கும். ஆம்ப்ளிபயருக்குள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும்போது துடிப்பு இரட்டிப்பாகி 100 ஆகிறது. அதைச் சமப்படுத்தும் பெரிய கன்டென்சர் காய்ந்து பலவீனமானால் அந்த 100 துடிப்பு வெளியே வரும். அது சற்று உயர்ந்த, கரகரப்பான உறுமல். விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரும், சீரியல் லைட்டும், மலிவான சார்ஜரும் தருவது "ர்ர்ர்" என்ற கூரிய அரிப்பு. ஆக, காதைக் கூர்மையாக்கினாலே காரணத்தின் பாதி தெரிந்துவிடும்.

பிறர் கைப்பேசி மைக்கின் அருகே வந்தால் "டிக் டிக் டிக்" என்று கேட்கும் ஓசை வேறு இனம். அது பழைய இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி அலையின் துடிப்பு. கைப்பேசியை இரண்டடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

பெரும்பாலான நேரங்களில் நம்மை வாட்டுவது முதலில் சொன்ன "உம்ம்" தான். அதன் தலையாய காரணத்தை "எர்த் வளையம்" என்று சொல்லலாம். ஆம்ப்ளிபயர் ஒரு சாக்கெட்டில் எர்த் ஆகியிருக்கிறது. மிக்ஸர் நூறடிக்கு அப்பால் வேறு சாக்கெட்டில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டையும் ஒலி வயரின் கவசம் இணைக்கிறது. எர்த், கவசம், மறுபடியும் எர்த் என்று ஒரு வட்டம் முழுமையாகிவிட்டது. எர்த் என்றால் எங்கும் ஒரே அளவு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒரு வீட்டில் பழைய மோட்டார் கசியும். மறு வீட்டில் எர்த் குழி காய்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தே தீரும். அந்த வேறுபாடு கவசம் வழியே மின்சாரத்தை ஓட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கவசத்தின் தடை 1 ஓம், அதில் ஓடும் மின்சாரம் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 20 மில்லி வோல்ட் இரைச்சல் பிறக்கிறது. கைப்பேசியிலிருந்தோ பாட்டுக் கருவியிலிருந்தோ வரும் ஒலி சுமார் 300 மில்லி வோல்ட். பதினைந்தில் ஒரு பங்கு இரைச்சல் கலந்துவிட்டது. ஓதுபவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அது காதில் விழும். ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

தொலைபேசி தந்த பாடம்

இந்தத் தொல்லை புதிதன்று. தொலைபேசி வந்த தொடக்கத்தில் ஒரே ஒரு கம்பியை இழுத்து, திரும்பும் வழியாக மண்ணையே பயன்படுத்தினார்கள். நகரங்களில் மின்விளக்கும் மின்சார டிராமும் வந்தபோது அவற்றின் மின்சாரமும் அதே மண்ணில் கலந்து தொலைபேசிகள் உறுமத் தொடங்கின. தீர்வு, மண்ணை விட்டுவிட்டு இரண்டு கம்பிகளைப் பயன்படுத்துவது. அவ்விரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கும் முறைக்கு அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார்.

பின்னர் 1915இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் ஒலிபெருக்கியைத் திரளான மக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். 1919இல் அதிபர் வில்சன் சான் டியாகோ நகரில் சுமார் 50,000 பேருக்கு ஒலிபெருக்கி வழியே உரையாற்றினார். அன்று தொடங்கி இன்று நம் தெருப் பந்தல் வரை வந்திருக்கும் கருவியும் அந்தப் பழைய தொலைபேசிப் பாடத்தையே நம்பி நிற்கிறது.

மூன்று முனை கொண்ட மைக் வயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்எல்ஆர் என்பார்கள். அதில் உள்ளே முறுக்கிய இரு கம்பிகள், வெளியே கவசம். ஒலி ஒரு கம்பியில் நேராகவும் மறு கம்பியில் தலைகீழாகவும் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி நுழைகிறது. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒலி நிற்கிறது, இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. இரட்டை முனை கொண்ட சாதாரண பின் வயரில் இந்த வசதி இல்லை. அதனால்தான் நீண்ட தூரத்துக்குப் பின் வயரை இழுக்கக்கூடாது என்கிறேன்.

நல்ல வயர் போட்டும் சில மிக்ஸர்கள் மட்டும் உறுமும். வயரின் கவசத்தைப் பெட்டியின் உடலில் இணைக்காமல் உள்ளே இருக்கும் நுண்ணிய சுற்றில் இணைத்து உருவாக்கிய குறை அது. 1995இல் நீல் மன்சி என்ற பொறியாளர் இதை விரிவாக எழுதினார். 2005இல் இதற்கென்று ஒரு தரவிதியும் வெளியாயிற்று. வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால் இப்படி நேரும்.

கண்டறியும் முறை

இரைச்சல் கேட்டவுடன் பத்துப் பேர் பத்து வயரைப் பிடித்து இழுப்பது நம் வழக்கம். எந்த வயரால் நின்றது என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் மறுபடி வரும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். வரிசை இதுதான்.

முதலாவது: ஆம்ப்ளிபயரின் எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். அப்போதும் இரைச்சல் அதே அளவில் இருந்தால் குறை ஆம்ப்ளிபயருக்குள்தான், பெரும்பாலும் கன்டென்சர். அதைப் பந்தலில் பிரிக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கன்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது: குமிழ்களை ஒவ்வொன்றாக உயர்த்துங்கள். எந்தக் குமிழில் இரைச்சல் கூடுகிறதோ, அந்த வழியில்தான் கள்வன் இருக்கிறான். அந்த வயரைக் கருவியின் பக்கம் கழற்றுங்கள். நின்றால், குறை அப்பால் உள்ள கருவியிலோ அதன் மின் இணைப்பிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது: கைப்பேசியோ மடிக்கணினியோ இணைத்திருந்தால் அதன் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் மறைந்தால் சார்ஜரே காரணம். நிகழ்ச்சிக்கு முன் முழுவதும் சார்ஜ் செய்து கொண்டுவருவதே இதற்குச் செலவில்லாத மருந்து.

நான்காவது: மைக்கின் உலோக உடலைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் கவசக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பிளக்கினுள் பற்றவைத்த இடத்தில். ஆனால் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. மின் பரிசோதனை ஸ்க்ரூடிரைவரால் முதலில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் கையை வைக்காமல் மெயினை நிறுத்துங்கள். எரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாமல் காலில் காய்ந்த செருப்போடு, கையின் புறப்பக்கத்தால் மட்டும் தொடுங்கள்.

ஐந்தாவது: வயர்கள் போகும் வழியைப் பாருங்கள். மின்சார வயரும் மைக் வயரும் கட்டாகக் கட்டி ஒன்றாகப் போகக்கூடாது. ஒன்றை ஒன்று கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்க வேண்டும். மீதமுள்ள மைக் வயரை ஆம்ப்ளிபயரின் மேல் சுருட்டி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் அதில் அப்படியே ஏறும். ஓரடி நகர்த்தினாலே பல நேரம் இரைச்சல் போய்விடும்.

எர்த் வளையத்துக்குத் தீர்வு

ஆம்ப்ளிபயர், மிக்ஸர், பதிவுக் கருவி ஆகிய அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து, ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுங்கள். பத்தில் எட்டு இரைச்சல் இதிலேயே தீர்ந்துவிடுவதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அலங்கார விளக்குக்கும் சமையல் கிரைண்டருக்கும் வேறு இணைப்பு இருக்கட்டும்.

தவிர்க்க இயலாமல் இரண்டு இடங்களில் மின்சாரம் எடுக்க நேர்ந்தால், ஒலி வயரின் நடுவே சிறு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைக்க வேண்டும். டிஐ பாக்ஸ் என்று கடையில் கிடைக்கும் பெட்டிகளில் டிரான்ஸ்பார்மர் உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் ஒலி காந்தத்தின் வழியே கடக்கும், மின் தொடர்பு இராது, வளையம் அறுபடும். அந்தப் பெட்டியில் "கிரவுண்ட் லிஃப்ட்" என்றொரு சுவிட்ச் இருக்கும். அது ஒலி வயரின் கவசத்தைத் துண்டிப்பது; மின்சாரப் பிளக்கின் எர்த்தைத் துண்டிப்பது அன்று. இந்த வேற்றுமையை நெஞ்சில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப் பக்கத்தில் துண்டிப்பது வைத்தியம். மின் பக்கத்தில் துண்டிப்பது ஆபத்து.

மனித உடலில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விடவே முடியாமல் போகலாம். ஆகவேதான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி என்ற காவல் சுவிட்ச் இருக்கிறது. அன்று அந்தப் பந்தலில் அது ஒன்று இருந்திருந்தால் அந்தச் சிறுவனுக்கு நேர்ந்த ஆபத்து பெரிதும் குறைந்திருக்கும்.

வாடகை ஜெனரேட்டர் வைக்கும்போதும் எர்த் கம்பி அடித்து முறைப்படி இணைத்திருக்கிறார்களா என்பதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு பார்த்த பிறகே மைக்கைக் கையில் கொடுக்க வேண்டும்.

வண்டியில் கட்டும்போது

வண்டியில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிபயரில் வருவது வேறு வகை. என்ஜினை முடுக்க முடுக்க "ஈஈ" என்ற ஓசையும் உயர்ந்துகொண்டே போகும். அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் குரல். என்ஜினை நிறுத்தியவுடன் நின்றால் ஐயமே இல்லை. ஆம்ப்ளிபயரின் பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் நேராகப் பேட்டரி முனையிலிருந்தே எடுக்க வேண்டும். மைனஸை வண்டியின் இரும்பில் எங்கோ முறுக்கி விடக்கூடாது. அறிவிப்பைக் கைப்பேசியிலிருந்து ஒலிக்கச் செய்தால், அதே பேட்டரியில் கைப்பேசிக்குச் சார்ஜ் போடாதீர்கள்.

இதைச் சிறிய செய்தி என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பகுதியில் ஊருக்குள் புகுந்ததை அறிவோம். மின்சாரமும் கைப்பேசியும் நின்றுபோகும் அத்தகைய நாளில், மேட்டுக்குப் போங்கள் என்று சொல்ல மிஞ்சுவது வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி ஒன்றே. அந்தச் சொல் இரைச்சலில் கரைந்துவிடக்கூடாது. அது எல்லாச் சமயத்தாருக்கும் சேர்ந்த குரல்.

சத்தத்தைக் கூட்டுவது தீர்வன்று

இரைச்சலை வெல்லக் குமிழைக் கூட்டுவது எளிது. ஆனால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே சூழலின் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடையும் உண்டு. அண்டை வீட்டில் நோயாளி இருக்கலாம்; படிக்கும் பிள்ளை இருக்கலாம். இரைச்சல் நீங்கிய ஒலி குறைந்த அளவிலேயே தெளிவாகக் கேட்கும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதற்கும் இந்த வேலை உதவுகிறது.

ஜமாஅத்துக்கு என் வேண்டுகோள்

நிர்வாகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன். ஒன்று, ஆர்சிசிபி பொருத்திய ஒரு மின் பலகையைச் செய்து, ஒலி அமைப்பு எங்கு போனாலும் அது கூடவே போக வேண்டும். இரண்டு, பள்ளியின் எர்த் குழியை ஆண்டுக்கொரு முறை சோதித்து, கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மூன்று, வயர்களுக்கு எண் ஒட்டி, பழுதானதை உடனே தனியே கட்டி வைத்து, ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். நான்கு, நம் இளைஞர்கள் இருவருக்கு இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நம் பெட்டியில் எர்த் கால் வெட்டிய பிளக் இன்றும் ஒன்று இருந்தாலும், இன்றே மாற்றிவிடுங்கள். இரைச்சல் ஒரு மணி நேரம் இருந்தால் காது வலிக்கும்; அவ்வளவுதான். மைக்கைப் பிடிக்கும் கை ஹஜ்ரத்துடையதாக இருக்கலாம். மணமகனின் தந்தையுடையதாக இருக்கலாம். ஆசையோடு ஓடிவரும் ஒரு சிறு பிள்ளையுடையதாகவும் இருக்கலாம். அந்தக் கை எந்தத் தீங்கும் இன்றி வீடு திரும்ப வேண்டும்.